ஸ்டாம்ப் நல்லதுதான், பேடை மாற்றுங்கள்

கேள்வி: கையால் வாழ்த்து அட்டை செய்வது என் பொழுதுபோக்கு. பழங்காலப் பாணி ரப்பர் ஸ்டாம்ப் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சங்கிலிக் கடிகாரம், ரோஜாக் கொத்து, டைப்ரைட்டர், தபால் முத்திரை போன்ற வட்டங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டிலிருந்த ஊதா ஸ்டாம்ப் பேடில் ஒற்றி அடித்தால் கோடுகள் தடித்துவிடுகின்றன. மேலே வாட்டர்கலர் வைத்தால் மை கரைந்து பரவுகிறது. ஹேண்ட்மேட் பேப்பரில் படம் விட்டுவிட்டு விழுகிறது. பழசாகத் தெரியட்டும் என்று டீ டிகாஷனில் பேப்பரை நனைத்தேன், அப்பளமாக நெளிந்துவிட்டது. பொங்கலுக்கு உறவினர்களுக்கு அனுப்பவும், முடிந்தால் கொஞ்சம் விற்கவும் ஆசை. எங்கே தவறுகிறேன்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, பேடில் இருக்கிறது. ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் இருப்பது தண்ணீரில் கரையும் சாய மை. பேடிலேயே காய்ந்துவிடாமல் நாள்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும், ரசீதிலும் விண்ணப்பத்திலும் பட்டவுடன் உறிஞ்சப்பட வேண்டும் என்பதற்காகவே அதைத் தயாரிக்கிறார்கள். தடித்த அட்டையில் அந்த மை இழைகளின் வழியே ஓடும். கோடு தடிப்பது அதனால்தான். பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டால் மறுபடி கரையும்.

உங்களுக்கு வேண்டியது பிக்மென்ட் மை. இதில் நிறம் நுண்ணிய துகள்களாக இருப்பதால் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே தங்கும். கோடு கூர்மையாக விழும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. காய மட்டும் நேரம் எடுக்கும். ஆனால் எல்லா பிக்மென்ட் மையும் தண்ணீரைத் தாங்கிவிடாது. பேடின் மேல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடித்த பிறகு நன்றாகக் காயவிட்டு வண்ணம் தீட்டுங்கள். அவசரமென்றால் வாட்டர்கலரை விட்டுவிட்டு கலர் பென்சிலை எடுங்கள்.

நிறம் கறுப்பு வேண்டாம், பிரவுன் வாங்குங்கள். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையில்தான் எழுதினார்கள். எழுதிய பிறகு கறுக்கும் அந்த மை, காலம் போகப் போக பழுப்பாகும். பழைய கடிதம் என்றதும் நம் மனதில் பழுப்பு நிறம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பாதி வேலையை இந்த ஒரு பேடே செய்துவிடும்.

இனி அடிக்கும் முறை. ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை மல்லாக்க வைத்து, பேடை அதன் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி எடுங்கள். அட்டைக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் போட்டு, நேராக வைத்து, எல்லாப் பக்கமும் விரலால் அழுத்தி, நேராகவே தூக்குங்கள். ஆட்டி ஆட்டி அடித்தால்தான் ஸ்டாம்பின் ஓரக் கோடு அட்டையில் விழுகிறது. உங்களுடையது கண்ணாடி போன்ற பாலிமர் ஸ்டாம்ப் என்றால், புதிதில் அதன் வழவழப்பால் மை துளித்துளியாகத் திரண்டு நிற்கும். சாதாரண ரப்பரால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். மங்கலாக வேண்டுமா? மை தொட்டதும் முதல் தடவை கழிவுத் தாளில் அடித்துவிட்டு, அதே மையில் இரண்டாம் தடவை அட்டையில் அடியுங்கள். டீயை விட இது நம்பகமான வழி.

டீயை நான் சிபாரிசு செய்வதில்லை. பிடிவாதமாக வேண்டுமென்றால் ஸ்டாம்ப் அடிப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் சமமாக நனைத்து, நிழலில் உலர்த்தி, மேலே துணி போட்டு அயர்ன் செய்து, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்கு க்ரீம் நிறத் தாளே வாங்கிவிடலாமே! பிரவுன் மையைப் பஞ்சில் தொட்டு ஓரங்களில் மட்டும் லேசாக ஒற்றினால் போதும்.

ஹேண்ட்மேட் பேப்பரின் அழகே மேடுபள்ளம்தான். நுணுக்கமான கோடுகளுக்கு அதுவே எதிரி. புதுச்சேரியில் வாங்கும் பருத்திக் காகிதத்தை அட்டையின் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையுள்ள வழவழப்பான, ஆனால் பளபளப்புப் பூச்சில்லாத தாளில் படத்தை அடித்து வெட்டி அதன்மேல் ஒட்டுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி மடித்தால் 105 x 148 மில்லிமீட்டரில் இரண்டு அட்டை கிடைக்கும். சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். மடிப்பில் வெடிக்காமலிருக்க, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கிலிக் கடிகாரமும் ரோஜாக் கொத்தும் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பழமை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டை அந்த மரபின் தொடக்கம். கோடுகளைக் கல்லச்சில் அடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டி, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கிறிஸ்துமஸ், பிறந்தநாள் அட்டைகளுக்கு உங்கள் செட் மிகப் பொருத்தம். பொங்கலுக்கு நமக்கென்று ஒரு பழமை இருக்கிறதே! கரும்பு, பொங்கும் பானை, கொம்பில் வண்ணம் பூசிய மாடு என்று சிவகாசியில் அச்சாகி, உறையை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்பிய அட்டைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இன்னும் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி உற்றுப் பாருங்கள். சில அட்டைகளில் வண்ணம் கோட்டை விட்டு ஒரு நூல் விலகியிருக்கும். நீங்களும் அப்படியே கொஞ்சம் விலக்கித் தீட்டுங்கள். அந்தப் பிசகுதான் அட்டையைப் பழசாகக் காட்டும்.

இந்தப் படங்களுக்கு ஆன்லைனில் அலைய வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், நிழல் இல்லாமல், வெறும் கோட்டில் வரைந்து உள்ளூர் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுங்கள். மை உள்ளேயே அடைத்த செல்ஃப் இங்க் ஸ்டாம்ப் வேண்டாம், கைப்பிடி வைத்த சாதாரண ஸ்டாம்ப்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். அப்போதுதான் நிறத்தை இஷ்டம்போல மாற்றலாம்.

விற்பதானால் இரண்டு எச்சரிக்கை. பிறர் வரைந்த படத்துக்கு, அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் இந்தியாவில் காப்புரிமை உண்டு. 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியத்தை ஸ்டாம்ப் ஆக்கலாம். 1976-ல் மறைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் படத்தை அனுமதியில்லாமல் இப்போது ஆக்கக் கூடாது. அடுத்து, கடையில் வாங்கிய ஸ்டாம்ப் செட்டில் செய்த அட்டைகளை விற்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. பாக்கெட்டில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். தபால் முத்திரை போன்ற அந்த வட்டங்களை அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் அடிக்காதீர்கள்.

எம்பாஸிங் பவுடர், ஹீட் கன், அரக்கு முத்திரை எல்லாம் இப்போது வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் பிரவுன் பேட் ஒன்று, நல்ல தாள் ஒரு கட்டு, கரும்பும் பானையுமாக இரண்டு ஸ்டாம்ப்: இந்தப் பொங்கலுக்கு இவை போதும். அட்டைகளை மார்கழி பாதியிலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள்.