நோகும் முழங்காலும் ஓரியன்டீரிங் பந்தயமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து, முன்பின் அறியாத காட்டுக்குள் ஒருவரை அனுப்பி, ஆங்காங்கே தொங்கும் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகளை வரிசை பிறழாமல் கண்டுபிடித்துத் திரும்பி வரச்சொல்லி, அதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு வெற்றி தோல்வியை முடிவு செய்யும் ஓரியன்டீரிங் என்னும் விளையாட்டு, ஸ்காண்டிநேவிய ராணுவப் பயிற்சியில் பிறந்து, 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்கான பந்தயமாக நடத்தப்பெற்றது. சுவீடனில் 1965-இல் தொடங்கிய ஓ-ரிங்கன் என்ற ஐந்து நாள் விழாவுக்கு இன்று பள்ளிப் பிள்ளைகளும் எண்பது வயதைக் கடந்த முதியவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் திரண்டு வருகின்றனர். இத்தனை வயதினரும் கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற களத்தில் முழங்கால் நோவு அபூர்வமான விஷயம் அன்று. ஆயினும் அந்நோவைக் குறித்து ஓடுகிறவர்களிடையிலும், அவர்களுக்குப் புத்தி சொல்லும் உற்றார் உறவினரிடையிலும் வழங்கிவரும் அபிப்பிராயங்கள் பல, சற்று நின்று ஆராய்ந்தால் நிலைபெறாதவை. அவற்றுள் முக்கியமான ஏழினை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: முழங்கால் நொந்தால், அது முற்றும் ஆறும்வரை அசையாமல் இருப்பதே வைத்தியம்.

உண்மை: விலக்குகளை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். காலைத் திருகிக்கொண்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்குமானால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும். எலும்புகளைப் பிணைக்கும் முன்புறச் சிலுவை லிகமெண்ட் என்னும் நார் அறுந்திருக்கிறதா என்று வைத்தியர் பார்த்தாக வேண்டும். மடக்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொள்வதும், நடக்கையில் கால் திடீரென்று பிடிப்பு விட்டு மடங்குவதும், நாலடி எடுத்து வைக்க முடியாமற் போவதும், முட்டியைத் தொண்ணூறு பாகை வரையிலேனும் மடக்க இயலாமையும் அவ்வாறே வைத்தியரிடம் போகவேண்டிய குறிகள். இவை உள்ளவர் பந்தயத்தைப் பற்றி யோசிப்பதற்கே இடமில்லை.

இவை ஒன்றும் இல்லாமல், முழங்கால் சில்லைச் சுற்றி மந்தமாக நோகிறது, மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்கிறது என்ற அளவில் உள்ளவருக்கோ, நெடுநாள் ஓய்வு தொடைத் தசையை மெலியச் செய்து, அந்தத் தசை தாங்கவேண்டிய பாரத்தையும் மூட்டின்மேலேயே இறக்கிவிடுகிறது. தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்தும் பயிற்சியே இத்தகைய நோவுக்குப் பிரதான சிகிச்சை என்பதில் இன்று நிபுணர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு உழைக்கலாம் என்பதற்குச் சுவீடனின் பிசியோதெரபிஸ்டுகள் ஒரு எளிய அளவுகோலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தனர்: வலியே இல்லாமையைப் 0 என்றும், தாங்கொணாத வலியை 10 என்றும் வைத்துக்கொண்டால், 2 வரை அச்சமில்லை, 5 வரை பொறுக்கலாம், அதற்கு மேற்பட்டால் அன்றைய உழைப்பு மிகை. மறுநாள் காலையில் வலி பழைய நிலைக்கு இறங்கியிருக்கவேண்டும் என்பதும், வாரத்துக்கு வாரம் ஏறாதிருக்கவேண்டும் என்பதும் இதன் இன்றியமையாத நிபந்தனைகள்.

நம்பிக்கை 2: ஓட ஓட முட்டி தேய்ந்துபோகும்.

உண்மை: மூட்டுக் குருத்தெலும்பு உயிருள்ள பொருள், அளவான பாரம் அதற்குத் தீங்கு செய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பரிசீலனையில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுள் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடையவர் 3.5 சதவிகிதமாகவும், ஓடாமல் உட்கார்ந்தே காலங்கழிப்பவர்களுள் 10.2 சதவிகிதமாகவும் இருந்தனர். முட்டி வலியால் ஓட்டத்தைக் கைவிட்டவரும் இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்திருக்கக்கூடும் ஆதலால், ஓட்டமே மூட்டைக் காக்கிறது என்று இதைக்கொண்டு சாதித்துவிட முடியாது. ஆனால் ஓட்டம் மூட்டை அரித்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. அதே பரிசீலனையில், உயர்ந்த மட்டத்தில் போட்டியிடும் ஓட்டக்காரரிடையே அந்த விகிதம் 13.3 என்று காணப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அளவே இங்கு விஷயம்.

நம்பிக்கை 3: ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால், அறுவை சிகிச்சை செய்துகொண்டாலன்றி மீண்டும் ஓட முடியாது.

உண்மை: அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான பொதுமக்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முட்டிக்குள் மெத்தைபோல் அமைந்த மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு கிழிந்திருந்தவர்களுள் 61 சதவிகிதத்தினர் முந்தின மாதத்தில் வலியோ விறைப்போ ஒன்றும் உணராதவர்கள். ஆகவே படத்தில் காணும் கிழிசல்தான் காலில் உணரும் வலிக்குக் காரணம் என்று சட்டென முடிவு கட்டிவிட முடியாது. காட்டோட்டத்தில் பெயர்பெற்ற பின்லாந்திலேயே, 35 முதல் 65 வயது வரையிலான 146 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தேய்மானத்தால் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டி நீக்கியும், மற்றவர்களுக்கு அறுவை செய்வதுபோல் பாவனை மாத்திரம் செய்தும் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை என்று 2013-இல் அறிவித்தார்கள். இது வயதோடு வரும் கிழிசலைப் பற்றிய முடிவு. விபத்தில் கிழிந்து முட்டி பூட்டிக்கொண்ட இளைஞருக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

நம்பிக்கை 4: ஏற்றந்தான் முட்டிக்குப் பகை, ஏறி முடித்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

உண்மை: நுரையீரலுக்குப் பகை ஏற்றம், முழங்காலுக்குப் பகை இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் வேகத்தைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது; அப்பொழுது சில்லு தொடையெலும்பின்மேல் அழுந்துகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு ஓரியன்டீரிங் மற்ற ஓட்டங்களைக் காட்டிலும் அனுகூலமானது. ஏனெனில் வீதியில் நடக்கும் மாரத்தானில் பாதை முன்பே விதிக்கப்பட்டது, இங்கோ கண்ட்ரோல் எனப்படும் கொடியிட்ட இடங்கள் இரண்டுக்கு இடையில் எவ்வழியாகப் போவது என்பது ஓடுகிறவரின் இஷ்டம்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் ஏழாம் கண்ட்ரோலுக்கும் எட்டாம் கண்ட்ரோலுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர், அதாவது தரையில் 600 மீட்டர். நடுவிலே ஒரு மேடு குறுக்கிடுகிறது; ஐந்து மீட்டருக்கு ஒன்றாகப் பழுப்பு நிறத்தில் இழுத்த சமஉயரக் கோடுகள் எட்டு இருப்பதால் ஏறவேண்டியது 40 மீட்டர். அப்பால் இறங்கும் சரிவிலோ கற்பாறைகளைக் காட்டும் கறுப்புப் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கின்றன. இடப்புறமாக மேட்டைச் சுற்றி ஒரு ஒற்றையடிப் பாதை 950 மீட்டர் வளைந்து போகிறது. அதில் ஏற்றம் 10 மீட்டர் மாத்திரமே. ஒரு மீட்டர் ஏறுவது சமதளத்தில் ஏறத்தாழப் பத்து மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று ஓடுகிறவர்கள் போடும் தோராயக் கணக்கின்படி, நேர்வழி 1,000 மீட்டருக்கும் சுற்றுவழி 1,050 மீட்டருக்கும் ஈடாகின்றன. நொந்த முழங்காலைக் கல்லுக்குள் இறக்காமல் காப்பாற்றுவதற்கு இங்கே கொடுக்கவேண்டிய விலை ஐம்பது மீட்டர். மெதுவாக ஓடுகிறவருக்கும் அது அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பாதையில் போகையில் வரைபடத்தை நிதானமாகப் படிக்கலாம் ஆதலால், கண்ட்ரோலைத் தவறவிட்டுத் தேடி அலையும் அபாயமும் குறைகிறது. தேடி அலைவதில் போகும் நிமிஷங்களோடு ஒப்பிட்டால் அந்த ஐம்பது மீட்டர் ஒரு பொருட்டே அன்று.

நோவின் தன்மைக்கேற்ப வரைபடத்தின் வர்ணங்களும் வெவ்வேறு விதமாக எச்சரிக்கின்றன. சில்லில் நோவு உடையவர் அடர்ந்து நெருங்கும் பழுப்புக் கோடுகளை அஞ்சவேண்டும். மெனிஸ்கஸில் தொல்லை உடையவருக்கு, கால் புதைந்து நிற்க உடல் திரும்பும் சதுப்பு நிலத்தின் நீலக் கோடுகளும், செடிகொடிகள் காலைப் பின்னும் பச்சைப் பகுதிகளும் ஆகா. லிகமெண்ட் தளர்ந்தவர் பாறைக்குப் பாறை தாவும் இடங்களை விலக்கவேண்டும். வெள்ளையாக விட்டிருக்கும் இடம் தடையின்றி ஓடத்தக்க காடு என்று பொருள்படினும், அங்கேயும் புளூபெர்ரிச் செடிகளின் அடியில் கல் மறைந்திருப்பது ஸ்காண்டிநேவியக் காட்டின் சுபாவம். எவ்வழியே போனாலும், எடுத்து வைக்கும் எட்டைச் சிறிதாக்கி, நிமிஷத்துக்கு வைக்கும் அடிகளை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டிக்கொண்டால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம்பிக்கை 5: காட்டில் நெடுந்தூரம் ஓடுவதைவிட ஊருக்குள் நடக்கும் ஸ்பிரிண்ட் பந்தயம் முட்டிக்கு இலகுவானது.

உண்மை: முதல்தர வீரர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷங்களுக்குள் முடித்துவிடும் ஸ்பிரிண்ட், நேரத்தில் மாத்திரமே சிறியது. கல் பாவிய தெருவில் முழு வேகத்தில் ஓடிவந்து, சந்து முனையில் சட்டென்று திரும்பி, படிக்கட்டுகளில் தாவி இறங்கி, மறுபடியும் வேகமெடுக்கும் இந்த ஓட்டத்தில், ஊன்றிய காலின்மேல் உடல் திருகும் சந்தர்ப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன. மெனிஸ்கஸுக்கும் லிகமெண்டுக்கும் இதனினும் ஒவ்வாத அசைவு வேறில்லை. திருப்பங்களில் நின்று நிதானிக்கும் மனக்கட்டுப்பாடு இல்லாதவர், காட்டில் மெல்லோட்டமாகப் போகும் பிரிவு ஒன்றைத் தேர்ந்துகொள்வது மேல்.

நம்பிக்கை 6: நீ கேப் என்னும் முழங்கால் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு, வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் பந்தயத்தை ஓட்டிவிடலாம்.

உண்மை: நீ கேப்பும் ஒட்டுப்பட்டையும் சருமத்தின் உணர்ச்சியைத் தூண்டி மூட்டின் நிலையை மனத்துக்கு நினைவூட்டுவதால், சிலருக்குத் தைரியமும் கொஞ்ச நேரத்துக்கு வலி நிவாரணமும் தருகின்றன; அறுந்த லிகமெண்டின் வேலையை அவை செய்யமாட்டா. மாத்திரையோ வேறு விஷயம். முன்சொன்ன பத்துப் புள்ளி அளவுகோலுக்கு ஆதாரமே வலிதான் ஆதலால், அதை மரக்கச் செய்துவிட்டு ஓடுகிறவர் எந்தப் புள்ளியில் நிற்கவேண்டும் என்பதை அறிய வழியில்லாமற் போகிறார். ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகள், வியர்வையால் உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கும், வெறும் வயிற்றில் இரைப்பைக்கும் தீங்கு விளைக்கக்கூடியவை என்பது இதனோடு சேர்ந்த இன்னொரு கேடு.

நம்பிக்கை 7: சின்னப் பிரிவில் ஓடுவது கௌரவக் குறைவு; பாதியில் விலகுவது மானக்கேடு.

உண்மை: இந்த விளையாட்டின் அமைப்பே இக்கருத்துக்கு எதிரானது. ஓ-ரிங்கன் போன்ற விழாக்களில் வயதுப் பிரிவுகளோடு, அதே வயதினருக்கான குறுகிய பிரிவுகளும், தூரத்தையும் கடினத்தையும் தாமே தேர்ந்துகொள்ளும் திறந்த பிரிவுகளும் உண்டு. ஓடவே இயலாதவர்களுக்கு டிரெயில் ஓரியன்டீரிங் இருக்கிறது: பாதையில் நின்றபடியே, எதிரே தெரியும் பல கொடிகளுள் வரைபடத்துக்கு ஒத்தது எது என்று தீர்மானிக்கவேண்டும்; கால் வேகத்துக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதற்கு 2004 முதல், சுவீடனில் தொடங்கி, தனி உலகச் சாம்பியன் போட்டியே நடந்துவருகிறது.

விலகுவதற்கு விதியிலேயே இடம் உண்டு. ஆனால் விலகியவர் நேரே முடிவிடத்துக்கு வந்து அதைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவியாமல் வீட்டுக்குப் போய்விட்டால், இருளில் அவரைத் தேடி ஒரு கூட்டம் காட்டுக்குள் இறங்கவேண்டி வரும். காயமுற்றவருக்கு உதவுவது போட்டியாளர் அனைவரின் கடமை என்றும் விதி கூறுகிறது. ஹங்கேரியில் 2009-இல் நடந்த உலகச் சாம்பியன் தொடரோட்டத்தில், சுவீடனின் மார்ட்டின் ஜோஹான்சனுடைய தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகப் பாய்ந்தபோது, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பிரான்ஸின் தியெரி ஜார்ஜியுவும், நார்வேயின் ஆண்டர்ஸ் நோர்ட்பெரியும், செக் நாட்டின் மிக்கல் ஸ்மோலாவும் பதக்கத்தை மறந்து அவரைக் காப்பாற்ற நின்றுவிட்டார்கள். பிறர் காயத்துக்காக உலகப் பட்டத்தையே விட்டுக்கொடுத்தவர்களைப் போற்றுகிற விளையாட்டில், தன் முழங்காலுக்காக ஒருவர் விலகுவதை யார் இகழப்போகிறார்கள்?

ஆதலால் நொந்த முழங்காலோடு பெயர் கொடுக்க நினைப்பவர், எந்தப் பிரிவில் ஓடுவது, வலி எந்த எண்ணைத் தொட்டால் ஓட்டத்தை நடையாக்குவது, எந்த எண்ணில் விலகுவது என்ற மூன்றையும் முந்தின நாளே தீர்மானித்து, உடன் வருபவர் ஒருவரிடம் சொல்லிவைப்பது நலம். அடுத்த கொடி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் தீர்மானம் பெரும்பாலும் கொடிக்கே சாதகமாக முடியும்.