தாளில் நிற்கும் மரங்கள்

நுழையும்முன்
விழுந்துவிட்ட மரத்தின் தோற்றத்தை எதைக்கொண்டு அறிவது? ஒளிப்படக் கருவி எல்லார் கைக்கும் எட்டாத காலத்தில், ஓவியர் ஒருவரின் பென்சில் அதற்கு வழிகண்டது. அதனை இப்பாடம் விளக்குகிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரொடு சாய்ந்தன. கே.கே. நகரின் சாலைகளிலும் நிழல் பரப்பிய மரங்கள் வீழ்ந்தன. அவற்றை வெட்டி அகற்றியபின் அவ்விடங்களில் வெயில் மட்டுமே எஞ்சியது. அங்கு நின்றது தூங்குமூஞ்சி மரம் எனப் பெயர் சொல்வார் உண்டு. அது எப்பக்கம் சாய்ந்து வளர்ந்தது, முதற்கிளை எவ்வளவு உயரத்தில் பிரிந்தது எனச் சொல்வார் அரியர்.

இத்தகைய கேள்விகளுக்கு விடைதரும் வகையில் மரங்களை வரைந்தவர் எட்வர்டு லியர் (1812–1888). வேடிக்கைப் பாடல்களால் உலகம் அவரை அறிந்திருந்தாலும், தொழிலால் அவர் நிலக்காட்சி ஓவியர். அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கினார். மறு ஆண்டு சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, நீலகிரி எனத் தமிழ்நிலத்தைச் சுற்றிவந்தார். அப்போது அறுபது வயதைக் கடந்திருந்தார், கண்பார்வையும் குறைவு.

காட்சியின் எதிரே அமர்ந்து பென்சிலால் விரைந்து கோட்டுருவம் வரைவது அவர் வழக்கம். ஊர், நாள், நேரம் ஆகியவற்றைத் தாளிலேயே எழுதிவிடுவார். அங்கேயே வண்ணம் தீட்டப் பொழுது போதாது. ஆகவே, எவ்விடத்தில் என்ன நிறம் என்பதைக் கோடுகளுக்கிடையே சொற்களாகக் குறித்துவைப்பார். பின்னர் ஓய்வாக அமர்ந்து, பென்சில் கோடுகளின்மேல் மையால் வரைந்து நீர்வண்ணம் பூசுவார். எனவே, அவருடைய ஓவியத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும்!

பென்சிலுக்குப் பனை எளிது, ஆல் அரிது. விழுதுகளை எல்லாம் கருங்கோடுகளாக இழுத்தால் மரம் கம்பிவேலியாகிவிடும். விழுதுகளைத் தாளின் வெண்மையாகவே விட்டு, இடையிலுள்ள இருளைத் தீட்டும்போதுதான் ஆலின் ஆழம் புலப்படும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பேராலமரத்தின் அடிமரம் 1989இல் வீசிய புயற்காற்றில் சாய்ந்தது. இன்று அங்கே விழுதுகளே மரமாக நிற்கின்றன. அதனை வரையச் செல்பவர் இல்லாத அடிமரத்தின் இடத்தையும் வரைந்தாக வேண்டும்.

லியரின் ஓவியங்களுள் பெருந்தொகுதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளது. அவர் காட்டிய வழியில் கே.கே. நகர்த் தெருமரம் ஒன்றை வரைய ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். முதலில் எழுத வேண்டியவை தெருவின் பெயரும் நாளும் நேரமும்.