நூலாசிரியரும் வாசகரும்

நூல் இயற்றுதல் ஒரு தொழில்; இயற்றிய நூலை உரியவர் கையிற் சேர்ப்பித்தல் மற்றொரு தொழில். முன்னதே புலமைக்கு உரியது என்றும், பின்னது வெறும் வாணிகம் என்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆயின் நன்னூலார் அவ்வாறு கருதினாரல்லர். சிறப்புப் பாயிரத்திற்குரிய எட்டுப் பொருள்களுள் ‘கேட்போர்’ என்பதனையும் ஒன்றாக அவர் வைத்துள்ளார். நூற்பெயரும் நுதலிய பொருளும் போலக் கேட்போரும் நூலின் வாயிலிலேயே சொல்லப்பட வேண்டியவர் என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின், ஓர் ஆசிரியன் தன் நூலுக்குரிய கேட்போரைத் தேடிக் கொள்வது எங்ஙனம்? தேடிக் கொண்டவரை நெடுங்காலம் தன்னோடு பிணித்துக் கொள்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் சில சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். வாசகரைத் தேடிச் செல்வது புலவனது பெருமைக்கு இழுக்காகாதோ எனச் சிலர் வினவுவர். சங்கப் புலவராகிய பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றபொழுது, அவன் இவரைக் காணாமலே பரிசில் கொடுத்து விடுத்தான். புலவர் அதனை ஏற்றிலர். தம்மைக் காணாது ஈந்த பொருளைக் கொள்ளுதற்குத் தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்று கூறி மறுத்தார். இச்செய்தி புறநானூற்றால் அறியக் கிடக்கின்றது. இங்கே புலவர் மறுத்தது பொருளை அன்று. அறிமுகமில்லாத கொடையையே மறுத்தனர். ஆகவே, பொருள் பெறுதல் இழிவன்று. ஒருவரையொருவர் அறியாது கொள்ளலும் கொடுத்தலுமே இழிவு. இக்கருத்தே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அடிப்படையாம்.

அச்சுப்பொறி பரவிய பின்னர்ப் புரவலர் ஒருவர் இருந்த இடத்தில் வாசகர் பலர் வந்து நின்றனர். இம்மாறுதல் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இடையில் இரண்டுக்கும் பாலமாக நின்றது கையொப்ப முறையாகும். நூல் அச்சாவதற்கு முன்னரே அதனை வாங்க உடன்பட்டுப் பலர் கையொப்பமிடுவர். அத்தொகையைக் கொண்டு நூல் அச்சாகும். ஆங்கிலக் கவிஞர் போப், ஹோமரது இலியத்தை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களாக இம்முறையில் வெளியிட்டார். பாகம் ஒன்றுக்கு ஒரு கினி விலை. ஒரு பிரபுவின் தயவில் நில்லாமல், கையொப்பமிட்ட சில நூறு பேரின் துணையால் அவர் தம் எழுத்தைக் கொண்டே வாழ முடிந்தது. தமிழ்நாட்டிலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இம்முறை வழங்கியது.

இனி, நம் நாட்டுச் சான்று ஒன்றினைக் காண்பாம். சீவகசிந்தாமணி 1887-ம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களால் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிடப் பெற்றது. அப்பதிப்புக்கு முதற் காரணமாயிருந்தவர் யார்? அவர் பதிப்பாசிரியர் அல்லர், அச்சுக்கூடத்தார் அல்லர், ஒரு வாசகரே. 1880-ம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராகிய ஐயரவர்களை நோக்கி, அவர் படித்த நூல்கள் எவையென வினவினார். ஐயரவர்கள் பல பிரபந்தங்களையும் புராணங்களையும் எடுத்துரைத்தார்கள். முதலியாரோ அவற்றாலெல்லாம் நிறைவுறாது, சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே ஐயரவர்களின் வாழ்க்கையைப் பழந்தமிழ் நூல்களின்பால் திருப்பிற்று.

சிந்தாமணி சைன காவியம் ஆதலின், அதன் சமயக் கருத்துக்களைச் சைவராகிய ஐயரவர்கள் தாமே உணர்தல் அரிதாயிற்று. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்கள் அக்காவியத்தைப் பக்தியோடு படித்து வந்தனர். அவர்களிடம் சென்று கேட்டு ஐயங்களைப் போக்கிக் கொண்டார்கள். வாசகர் என்பவர் வாங்குபவர் மட்டும் அல்லர். ஆசிரியனுக்குக் கற்பிப்பவரும் ஆவர் என்பது இதனால் விளங்கும்.

பின்னர்க் கையொப்பம் திரட்டும் வேலை வந்தது. முதலியார் பொருளுதவி செய்ததோடு தமக்குத் தெரிந்த கனவான்களிடத்தும் ஐயரவர்களை அறிமுகப்படுத்தினார். ஒரு வாசகர் மற்றொரு வாசகரைக் கொணர்தல் என்னும் இம்முறையினும் சிறந்த விளம்பரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

நூல் விற்றபின் உறவு முடிந்துவிடவில்லை. ஐயரவர்கள் ஏடு உதவியோர், பொருள் உதவியோர் ஆகிய அனைவரையும் தம் முகவுரைகளில் நன்றியுடன் பெயர் கூறிப் பாராட்டினார்கள். படிப்போருக்கு எங்கே இடர்ப்பாடு நேரும் என்பதனை முன்னரே எண்ணி, நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி முதலியவற்றைச் சேர்த்தார்கள். 1898-ல் மணிமேகலையை வெளியிட்டபொழுது, பௌத்த சமயத்தை அறியாத தமிழ் மக்கள் அந்நூலுள் எளிதிற் புகமாட்டார் என்று உணர்ந்து, புத்தர் சரித்திரத்தையும் அச்சமயக் கொள்கைகளையும் உரைநடையில் எழுதி உடன் சேர்த்தார்கள். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-ல் வந்தது. புதிய ஏடுகளால் தெரிந்தவற்றைக் கொண்டு திருத்தியே பின்வந்த பதிப்புக்களை அவர்கள் வெளியிட்டு வந்தார்கள். முதுமையில் புலவர் குழுவைக் கடந்து பொதுமக்களையும் நாடினார்கள். அவர்களது ‘என் சரித்திரம்’ 1940-ம் ஆண்டு தொடங்கி ‘ஆனந்த விகட’னில் வாரந்தோறும் வெளிவந்தது. அது முற்றுப் பெறுமுன்னரே 1942-ல் அவர்கள் மறைந்தார்கள். ஏடு தேடிய ஒருவரது வாழ்க்கையை வாரந்தோறும் மக்கள் எதிர்பார்த்துப் படித்தமை, ஐம்பதாண்டு உறவின் பயன் அன்றோ!

நிற்க. ஆங்கில நாட்டில் சார்லஸ் டிக்கன்ஸ் வேறொரு வழியை மேற்கொண்டார். அக்காலத்தில் மூன்று பாகங்களாக வெளிவரும் நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். எளியோர் அதனை எண்ணவும் இயலாது. டிக்கன்ஸின் ‘பிக்விக்’ கதையோ 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை, திங்கள்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. தொடக்கத்தில் சில நூறு பிரதிகளே விலைப்பட்டன. முடிவில் ஏறக்குறைய 40,000 பிரதிகள் விற்றன. நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்னும் வேலைக்காரன் கதையுள் புகுந்தான். மக்கள் அவனை விரும்பினர். ஆசிரியரும் அவனைப் பெரிதாக்கினார். 1858 முதல் தம் கதைகளைத் தாமே மக்கள் முன் படித்துக் காட்டி வருவாயும் பெற்றார்.

எனினும், விற்பனையினும் சிறந்த நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்வில் உண்டு. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ என்னும் கதையில் பேகின் என்ற கள்வனை அவர் ஓயாது ‘யூதன்’ என்றே குறித்திருந்தார். 1863-ம் ஆண்டில் யூத குலத்தவராகிய எலிசா டேவிஸ் என்னும் பெண்மணி, அது தம் இனத்தார்க்கு இழைத்த பெருந்தீங்கு என்று அவருக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தம் செயலுக்குச் சமாதானம் கூறினார். ஆயினும் அக்கடிதம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அடுத்த நாவலில் ரையா என்னும் நல்ல யூதர் ஒருவரைப் படைத்தார். 1867-ல் வந்த புதுப்பதிப்பில் ‘யூதன்’ என்னும் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். கடிதம் ஒன்று ஒரு பெருநூலைத் திருத்திற்று. வாசகர் உறவு என்பது புகழ்ச்சியைக் கேட்டு மகிழ்தல் மட்டுமன்று; குறையைக் கேட்டுத் திருந்துதலுமாம்.

வெற்றியை மட்டுமே கூறின் ஆராய்ச்சி நிறைவுறாது. 1920-ம் ஆண்டில் கடையத்தில் இருந்த சுப்பிரமணிய பாரதியார், தம் எழுத்துக்களை 40 நூல்களாக, நூல் ஒன்றுக்குப் பதினாயிரம் பிரதியாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பத் திட்டமிட்டார். நான்கு லட்சம் பிரதிகள்! அதற்குப் பொருள் உதவுமாறு நண்பர்களுக்கு எழுதினார். உதவி வந்திலது, 1921 செப்டம்பரில் கவிஞரும் மறைந்தார். அவர் தம் வாசகரைத் தவறாக எண்ணினாரோ? இல்லை. அவர் எண்ணியதினும் மிகப் பலர் பின்னாளில் அவர் நூல்களை வாங்கினர். 1949-ல் சென்னை அரசாங்கமே அவற்றின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. வாசகர் இருந்தனர், ஆசிரியரும் இருந்தார், இடையே பாதைதான் இல்லை. மகாகவிக்கே அக்கதியாயின், பாதை அமைக்கும் வேலையை இழிவென்று ஒதுக்குவது எத்துணைப் பெரும் பிழை!

இச்சான்றுகளால் நாம் கொள்ளத்தக்கவை நான்கு. ஒன்று, நூல் முடிந்தபின் வாசகரைத் தேடலாம் என்று இராமல், நூல் உருவாகும்பொழுதே அவர்களோடு பழகுதல். இரண்டு, அவர்களது பொருள்நிலைக்கும் அறிவுநிலைக்கும் ஏற்ற வாயிலை அமைத்தல். மூன்று, உதவியவரை மறவாமையும் குறை கூறியவரை வெறாமையும். நான்கு, சொன்ன சொல்லைக் காத்தல். கையொப்பமிட்டவனுக்கு நூல் வாராது போயின், அவன் அடுத்த ஆசிரியரையும் நம்பான்; ஒருவர் செய்த பிழை பலரைத் தாக்கும்.

அன்று வாசகர் கையொப்பமிட்டு ஆசிரியருக்கு உறுதி கூறினர். இன்றோ, 1977 முதல் சென்னையில் நடைபெற்று வரும் புத்தகக் கண்காட்சி போன்ற இடங்களில் ஆசிரியர் கையொப்பமிட்டு வாசகருக்கு நூலைத் தருகின்றார். கையொப்பம் இடம் மாறிற்று. அதன் பொருள் மாறவேண்டுவதில்லை. முகம் பாராது ஆயிரம் பேருக்கு இடும் கையெழுத்து, காணாது ஈந்த பரிசிலை ஒக்கும். ஒருவரது பெயரைக் கேட்டு, அவர் முன்னர்ப் படித்தது யாது, அதில் விளங்காதது யாது என்று வினவி இடும் கையெழுத்தோ உறவாகும்.

நம் கல்லூரியில் கவிதையும் கதையும் எழுதும் நண்பர்கள் பலர் உளர். அவர்கள் தம் எழுத்து அச்சேறும் நாளை மட்டும் நோக்கியிராமல், அதனைப் படிக்கும் ஒருவரையேனும் இன்றே தேடிக் கொள்வாராக. அவரிடம் ‘நன்றாயிருக்கிறதா?’ என்று கேளாமல், ‘எங்கே நின்று விட்டீர்கள்?’ என்று கேட்பாராக. அவர் சுட்டிய இடத்தைத் திருத்தி, மீண்டும் அவரிடமே கொடுப்பாராக. நூலின் வாழ்நாள் பெரும்பாலும் அந்த இரண்டாம் முறையிலேதான் தொடங்குகின்றது.