மண்ணோடு போகும் மணிச்சத்து

தழைச்சத்து நீரில் கரைந்து ஓடிவிடும், மணிச்சத்தோ இட்ட இடத்திலேயே நிற்கும் என்று அங்கத்தினர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பெரும்பாலும் உண்மையே. மணிச்சத்து களிமண்ணையும் மண்ணிலுள்ள இரும்பையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆனால் மண்ணே பெயர்ந்து ஓடுமானால், அதைப் பற்றிய சத்து மட்டும் எங்ஙனம் நிற்கும்? வரப்பைத் தாண்டும் செந்நிற வெள்ளம் நாம் விலை கொடுத்து வாங்கிய உரத்தையும் சுமந்து செல்கிறது. மெல்லிய களித்துகளே நெடுந்தூரம் போவது. மணிச்சத்தை மிகுதியாக ஏந்துவதும் அதுவே.

ஆற்றில் இச்சேறு ஒரு பாங்கியைப் போல் நடந்துகொள்கிறது. நீரில் மணிச்சத்து மிகுந்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். குறைந்தால் சிறிது விடும். கடலை அடைந்ததும் கணக்கு மாறுகிறது. கடல்நீரில் கந்தகச் சத்து மிகுதி. பிராணவாயு இல்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை வேறு உருவாக்க, அது இரும்பைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. உப்பங்கழிச் சேற்றைக் கிளறினால் கருநிறமும் அழுகிய முட்டை நாற்றமும் வருவது இதனாலேயே. பிடி இழந்த மணிச்சத்து மீண்டும் நீரில் கலக்கிறது.

இதன் விளைவை வட ஐரோப்பாவிலுள்ள பால்டிக் கடலிற் காணலாம். அது நாற்புறமும் நிலம் சூழ்ந்து, டென்மார்க்கு அருகே குறுகிய வாயில்கள் மட்டும் உடைய கடல். கனத்த உப்புநீர் அடியிலும் ஆற்றுநீர் கலந்த இலேசான நீர் மேலும் நிற்பதால், ஆழத்திற்குப் பிராணவாயு எளிதிற் செல்வதில்லை. கரையோர நாடுகள் 1974-இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்துகொண்டன. 1980-களில் உச்சத்திலிருந்த மணிச்சத்து வரத்து பின்னர்ப் பெரிதும் குறைந்தது. எனினும் கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. நம் நெல்வயலுக்கு உதவும் பாசியின் இனமே அது. தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுக்க வல்லது. வேண்டுவது மணிச்சத்து ஒன்றே. அதைப் பழைய அடிச்சேறு கொடுத்துவருகிறது. பாசி மடிந்து மூழ்கி, அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவையும் உண்ண, சேறு மேலும் மணிச்சத்தை விடுகிறது. தந்தை வாங்கிய கடனுக்கு மக்கள் வட்டி கட்டுவதைப் போன்றதே இது.

நெசவாளர்க்கும் இதிற் பங்குண்டு. சில சலவைத் தூள்களில் பாஸ்பேட்டு கலந்திருக்கும். அக்கழிவுநீர் வாய்க்காலில் விழுந்தால், மணிச்சத்து வயல்மண்ணில் தங்க இடமின்றி நேரே ஆற்றைச் சேரும்.

உழவர் செய்யக்கூடியது எளிது. சூப்பர் பாஸ்பேட்டைப் பெருமழைக்கு முன் மேலாகத் தூவாமல், கடைசி உழவில் இட்டு மண்ணுள் மறையச் செய்ய வேண்டும். சரிவு நிலத்தில் குறுக்கே உழுது வரப்பை உயர்த்துவது நன்று. ஓடிப்போன மண்ணில் ஒரு பகுதியை ஊர் ஏரி பிடித்து வைத்திருக்கிறது. கோடையில் ஏரி வற்றியதும், உரிய அனுமதி பெற்று, அவ்வண்டலை வண்டியிலோ டிராக்டரிலோ வயலுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம்.