பெட்டி ஒண்ணு, மெஷின் ரெண்டு: சிடி ப்ளேயரா, தனி டாக்கா?

வீட்டு ஆடியோ பத்தி எழுதணும்னதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது நான் பண்ணின ஒரு தப்புதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டுல அப்பாவோட பழைய சிடி ப்ளேயர் ஒண்ணு இருக்கு. போன வருஷம் அது பாட்டு நடுவுல திக்கித் திக்கி நிக்க ஆரம்பிச்சது. இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் கையில இருந்ததால, நானும் ஒரு டாக் (டிஜிட்டல்-டூ-அனலாக் கன்வர்ட்டர்) வாங்கி, ப்ளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல மாட்டினேன். அப்பா ரெண்டு பாட்டு கேட்டுட்டுச் சொன்னார்: "பெட்டி அழகா இருக்கும்மா. ஆனா பாட்டு அதே இடத்துலதானே நிக்குது?"

நான் எங்க தப்பு பண்ணேன்?

உள்ளே என்ன நடக்குது?

சிடி ப்ளேயர் பார்க்க ஒரே பெட்டிதான். உள்ளே ரெண்டு மெஷின் இருக்கு. முதலாவது, டிஸ்க்கைச் சுத்த விட்டு லேசரால படிக்கிற பகுதி. இதை டிரான்ஸ்போர்ட்னு சொல்வாங்க. இரண்டாவது, படிச்ச எண்களை மின் அலையா மாத்துற டாக். தனியா விக்கிற டாக் இந்த ரெண்டாவது மெஷினோட வேலையை மட்டும்தான் செய்யும்.

டிஎஸ்பி கிளாஸை ஞாபகப்படுத்திக்கோங்க. 1982-ல விற்பனைக்கு வந்த சிடியில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 16 பிட், ரெண்டு சேனல். பெருக்கினா நொடிக்கு 14,11,200 பிட். சாம்பிளிங் தியரப்படி 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு பண்ணலாம். நம்ம காது அதிகபட்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்தான் கேட்கும். 16 பிட்டுக்கு டைனமிக் ரேஞ்ச் சுமார் 98 டெசிபல். அதாவது, 1982-லேயே வச்ச அளவு நம்ம ஹாலுக்குத் தாராளம்.

டிஸ்க்ல சின்னக் கீறல் இருந்தா ரீட்-சாலமன் கோட் அதைத் திருத்திடும். டிராக் நெடுக சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை டேட்டா போனாலும் முழுசா மீட்டுடும். அதைத் தாண்டினா பக்கத்து சாம்பிள்களை வச்சு ஊகிச்சு நிரப்பும். அதுவும் முடியலன்னா பாட்டு திக்கும். இது எல்லாமே டாக்குக்கு முன்னாடி நடக்குற வேலை. லேசர் படிக்காத எண்ணை எவ்வளவு விலை கொடுத்த டாக்காலயும் கண்டுபிடிக்க முடியாது.

அப்போ எதை வாங்கணும்?

முதல்ல நோய் எதுன்னு பாருங்க.

பாட்டு திக்குது, தாவுது, டிஸ்க் இல்லைன்னு காட்டுதுன்னா, கோளாறு டிஸ்க்ல அல்லது டிரான்ஸ்போர்ட்ல. வேற டிஸ்க் போட்டுப் பாருங்க. டிஸ்க்கை மெல்லிய துணியால நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைங்க. வட்டமா துடைச்சு கீறல் விழுந்தா அது டிராக் போற திசையிலேயே விழும், அதுதான் ஆபத்து.

பாட்டு நிக்காம ஓடுது, ஆனா இரைச்சல் வருது, ஒரு பக்கம் கேக்கலன்னா, முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. அதுல சரியாகலன்னா ப்ளேயரோட அனலாக் பகுதியைச் சந்தேகப்படலாம். பின்னாடி கோஆக்ஸியல் இல்லனா ஆப்டிகல் டிஜிட்டல் அவுட் இருந்தா, இங்கே தனி டாக் நிஜமாவே உதவும்.

லேப்டாப், ஃபோன்லதான் பாட்டு கேக்குறீங்க, ஸ்பீக்கர்ல உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னா, யூஎஸ்பி டாக் நல்ல தேர்வு. ப்ளேயரே தேவையில்லை.

எல்லாம் ஒழுங்கா ஓடுது, சும்மா இன்னும் நல்லா கேக்கணும்னா, காசை ஸ்பீக்கர்ல போடுங்க. அதுக்கும் முன்னாடி, ஸ்பீக்கரை மூலையிலிருந்து கொஞ்சம் வெளியே நகர்த்திப் பாருங்க. இது இலவசம்.

கடையில ஏமாறாம இருக்க ஒண்ணு. ரெண்டு கருவியில சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்குறதுதான் நம்ம காதுக்கு 'தரமா' தெரியும். அதனால ஒரே டெஸ்ட் டோனை ரெண்டுலயும் ஓட்டி, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டர் வச்சு, ஒரே ஏசி வோல்டேஜ் வர்ற மாதிரி வால்யூமைச் சரி பண்ணிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. எது ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாம ஃப்ரெண்டை மாத்தி மாத்திப் போடச் சொன்னா இன்னும் நல்லது.

எங்க வீட்டு டாக் என்னாச்சு?

மெக்கானிக் பார்த்துட்டு லேசர் பிக்கப் போயிடுச்சுன்னார். அந்த மாடலுக்குப் பார்ட் கிடைக்கலை. அப்போதான் எனக்குப் பயம் வந்தது. அப்பா வச்சிருந்த டிஸ்க்ல ஒண்ணு கடையில வாங்கினது இல்லை. அத்தை கல்யாணத்து நாதஸ்வரத்தை யாரோ பதிவு பண்ணி எழுதிக் கொடுத்த சிடி-ஆர். நடுவுல தாத்தா எல்லாரையும் "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு கூப்பிடுற குரலும் அதுல இருக்கு. வேற காப்பி கிடையாது. சிடி-ஆர்ல டேட்டா இருக்குறது ஒரு சாயப்படலத்துல. வெயிலும் சூடும் அதை மெல்ல அழிச்சிடும்.

ஹாஸ்டல் ஃப்ரெண்ட்கிட்ட டிவிடி டிரைவ் இரவல் வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் ஃப்ளாக் ஃபைலா மாத்தினேன். ஃப்ளாக்ல சைஸ் குறையும், ஒரு பிட்கூடத் தொலையாது. அந்த சிடி-ஆரோட கடைசி டிராக் மூணாவது முயற்சியிலதான் வந்தது. அதை மட்டும் மூணு இடத்துல காப்பி எடுத்து வச்சிருக்கேன்.

இப்போ பழைய லேப்டாப்தான் டிரான்ஸ்போர்ட். நான் அவசரப்பட்டு வாங்கின டாக்குக்கும் கடைசியில ஒரு வேலை கிடைச்சது.

உங்க வீட்டு அலமாரியிலும் கையால பேர் எழுதின டிஸ்க் ஏதாவது இருக்கும். ப்ளேயரா டாக்கான்னு முடிவு பண்றதை அடுத்த மாசம் வச்சுக்கோங்க. இந்த லீவுல வீட்டுக்குப் போனதும் முதல்ல அதை காப்பி எடுங்க.