மண்பாண்டங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

மாரண்டஹள்ளியிலும் அதனைச் சூழ்ந்த பாலக்கோடு தாலூகா கிராமங்களிலும் தக்காளியோ புளியோ மாங்காயோ சேராத சமையலைக் காண்பது அரிது. மூன்றும் புளிப்புப் பண்டங்கள். மண்பாண்டத்திற்குப் பூச்சு ஏற்றும் முறையைச் சொல்ல வந்தவன் புளிப்பைப் பற்றி ஆரம்பிப்பானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இவ்விரண்டிற்கும் உள்ள சம்பந்தம் பெரிது. அதனை அறியாமல் சங்கப் பணத்தில் பூச்சுச் சரக்கு வாங்குவது, கடனையும் நோயையும் ஒருங்கே வாங்குவதாகும்.

முதலில், கண்ணாடிப் பூச்சு என்பது யாது? அது வர்ணமன்று, வார்னிஷுமன்று. கல்லையும் மண்ணையும் நுண்ணிய பொடியாக்கி, நீரில் கரைத்து, சுட்ட பாண்டத்தின்மேல் ஏற்றி, மறுபடியும் சூளையிலிட்டால், அப்பொடி உருகிக் கண்ணாடியாகிப் பாண்டத்தோடு ஒன்றிவிடும். பீங்கான் ஊறுகாய் ஜாடியின் வழவழப்பு இதுவே. நம் முன்னோர் பாண்டத்திற்கு மினுமினுப்பு ஏற்றிய வழி வேறு. பெருங்கற்காலத்துக் கருப்பு சிவப்புப் பாண்டங்களின் பளபளப்பு, பச்சைப் பாண்டம் பாதி உலர்ந்த நிலையில் அதனை வழவழப்பான கல்லால் தேய்த்ததனால் வந்தது, கண்ணாடியால் வந்ததன்று. காவிக் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்க்கும் முறை இன்றும் செலவில்லாதது. அதனை இழிவாக எண்ணலாகாது.

எல்லாப் பாண்டத்திற்கும் பூச்சு வேண்டியதில்லை. தண்ணீர்ப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதாலேயே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அத்துளைகளைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் பானைக்குரிய குணமே போய்விடும். அடுப்பில் ஏறும் சட்டியும் பூச்சுக்கு உகந்ததன்று. தீயின் திடீர் வெப்பத்தில் பூச்சு வெடித்துச் சில்லாகும். ஊறுகாய் ஜாடி, தயிர்க் கிண்ணம், தேநீர்க் கோப்பை, பூந்தொட்டியின் வெளிப்புறம் ஆகியவற்றிற்குப் பூச்சு உபயோகமானது. அகல் விளக்கையும் இவற்றோடு சேர்க்கலாம். சாதாரண அகல் எண்ணெயைக் குடிக்கும்; பூச்சிட்ட அகல் குடியாது. இவ்வொரு குணத்தைச் சொன்னாலே கார்த்திகை மாதத்துச் சந்தையில் வாங்குவோர் உண்டு.

பூச்சில் மூன்று வஸ்துக்கள் அடங்கியுள்ளன. கண்ணாடியாக மாறுவது வெங்கச்சங்கல்லின் பொடி. அது தனியே உருக 1700 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அத்தகைய உஷ்ணத்தை எந்தக் குயவர் சூளையும் தராது. ஆகவே அதனை இளகச் செய்யும் இளக்கி ஒன்று வேண்டும். வெங்காரம், சோடா, சுண்ணாம்பு, சாம்பல், பெல்ஸ்பார் என்னும் கல், ஈயம் ஆகியவை இளக்கிகள். மூன்றாவதாகச் சிறிது வெள்ளைக் களிமண் வேண்டும். அது இல்லையேல் உருகிய பூச்சு தேன்போல் வழிந்து பாண்டத்தின் அடியில் தேங்கிவிடும்.

எந்த இளக்கி பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது நம் விருப்பமன்று, சூளையின் உஷ்ணமே. இதுவே பாடத்தின் நடுநாயகமான விஷயமாதலால் சற்று நின்று கவனிக்கற்பாலது. நாட்டுச் சூளையின் உஷ்ணம் பெரும்பாலும் 700 முதல் 850 டிகிரி வரையில் நிற்கும். ஏரி வண்டலிலும் செம்மண்ணிலும் செய்த பாண்டம் 1100 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் உப்பி வளைந்துவிடும். பெல்ஸ்பாரும் சாம்பலும் சேர்ந்த பூச்சோ 1200 டிகிரிக்கு மேல்தான் உருகும். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இருவர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலையில் சவுக்கு விறகெரித்து ஏறக்குறைய 1300 டிகிரி வரையில் உஷ்ணம் ஏற்றினார்கள். அதற்கேற்ற களிமண் கலவையும், தீச்செங்கல்லால் கட்டிய சூளையும் அவர்களிடம் இருந்தன. அப்பாண்டத்தின் அழகைக் கண்டு, அதே பூச்சை நம் ஏரிமண் பானைமேல் பூசி நாட்டுச் சூளையிலிட்டால், மறுநாள் திறக்கும்போது பூசிய பொடி பொடியாகவே உதிரும்.

இவ்விடத்திலேதான் ஈயம் நுழைகிறது. மிருதாரசிங்கியும் ஈயச் செந்தூரமும் 800 டிகிரிக்குச் சற்று மேலேயே வெங்கச்சங்கல்லை உருக்கிவிடும். பூச்சும் கண்ணாடிபோல் மின்னும். குறைகள் அதிகம் தோன்றா. குறைந்த சூட்டில் நிறைந்த பளபளப்பு என்பதால் உலகெங்கும் ஏழைக் குயவர்கள் பல நூற்றாண்டுகளாக இதனைக் கையாண்டனர். ஆனால் அப்பூச்சுள்ள பாண்டத்தில் புளிக்கரைசலோ, மோரோ, மாங்காய் ஊறுகாயோ, தக்காளித் தொக்கோ இருந்தால், புளிப்பு ஈயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து உணவிற் சேர்க்கும். சூடு போதாமல் அரைகுறையாக வெந்த பூச்சில் இது இன்னும் அதிகம். பச்சை நிறத்திற்காகச் செம்புத் துரு சேர்த்திருந்தாலோ கேட்கவே வேண்டாம். கரைந்த ஈயத்திற்கு நிறமில்லை, நாற்றமில்லை, நாவில் உறைக்கும் கெட்ட ருசியுமில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் தீங்கு செய்யும். இவ்வளவு வரையில் உட்கொள்ளலாம் என்று சொல்லத்தக்க அபாயமற்ற அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. உண்பவருக்கு முன்னமே பூச்சை அரைப்பவரும், கரைப்பவரும், அவ்வீட்டுத் திண்ணையில் தவழும் குழந்தையும் அத்தூளை விழுங்கியிருப்பார்கள்.

மெக்ஸிகோ நாட்டுச் செய்தி நமக்குப் பொருந்தும். அங்கும் கிராமக் குயவர்கள் விறகுச் சூளையில் குறைந்த சூட்டில் ஈயப் பூச்சிட்ட பாண்டங்கள் செய்து வந்தனர். அந்நாட்டுச் சமையலிலும் தக்காளியும் எலுமிச்சையும் மிகுதி. அப்பாண்டங்களால் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டின. ஈயமில்லாத பூச்சை அரசாங்கமும் தரும ஸ்தாபனங்களும் பரப்ப முயன்றும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. காரணம், புதிய பூச்சுக்குச் சூளையில் அதிகச் சூடு வேண்டியிருந்ததே. சூளையைத் திருத்தாமல் பூச்சை மட்டும் மாற்ற முயல்வது வீண்.

ஆகவே நமக்கேற்ற வழி, ஈயமில்லாத வெங்காரக் கண்ணாடியாகும். வெங்காரத்தை அப்படியே கரைத்தால் நீரில் கலந்து பாண்டத்தின் துளைகளுக்குள் ஓடிவிடும். எனவே அதனை வெங்கச்சங்கல் முதலியவற்றோடு தொழிற்சாலையில் உருக்கி, நீரிற் கொட்டி நொறுக்கி, பொடியாக அரைத்து விற்கிறார்கள். இதற்குப் பிரிட் என்று பெயர். வாங்கும்போது ஈயமற்றது என்ற எழுத்து மூலமான உறுதியையும், எத்தனை டிகிரிக்குரியது என்ற விவரத்தையும் பில்லிலேயே கேட்டுப் பெறவேண்டும். விலை மலிவென்று பெயரில்லாத மூட்டையை வாங்கலாகாது.

1000 முதல் 1050 டிகிரிக்குரிய பிரிட் 85 முதல் 90 பங்கும், வெள்ளைக் களிமண் 10 முதல் 15 பங்குமாகக் கலப்பது ஆரம்பத்திற்குப் போதும். ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் விட்டு, மெல்லிய சல்லடையில் இருமுறை வடிகட்டுக. கலவை ஒரு லிட்டர் 1400 முதல் 1500 கிராம் வரை நிறையிருந்தால் பதம் சரி. இரும்புத் துரு நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு சேர்த்தால் தேன் நிறமும் பழுப்பும் கிடைக்கும். கோபால்ட் அரைப் பங்கே நல்ல நீலம் தரும். அது விலையுயர்ந்த சரக்கு. செம்புப் பச்சையைப் பூந்தொட்டியின் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். உலர்ந்த தூளைப் பெருக்கலாகாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும். ஈயமில்லாவிடினும் வெங்கச்சங்கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பாண்டம் முதற்சூட்டில் நன்கு வெந்திருக்கவேண்டும். நுனிநாக்கில் வைத்தால் ஒட்டுமானால் பூச்சை உறிஞ்சும் நிலையில் இருக்கிறதென்று அறியலாம். ஈரப் பஞ்சால் தூசியையும் கைரேகை எண்ணெயையும் துடைத்து, கலவையில் இரண்டு மூன்று வினாடி முக்கி எடுக்கவேண்டும். படிந்த பூச்சு தபாற்கார்டின் கனத்திற்குச் சற்று அதிகமாக இருந்தாற் போதும். அடிப்பாகத்தில் மெழுகு தடவிக்கொண்டால் அங்கே பூச்சுப் பிடியாது. பிடித்தால் பாண்டம் சூளைத் தட்டோடு ஒட்டி, உடைத்தே எடுக்கவேண்டியதாகும்.

குறைகளில் மிகுதியாகக் காண்பது சிலந்தி வலைபோன்ற வெடிப்பு. ஆறும்போது பாண்டத்தைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்குவதே இதற்குக் காரணம். கலவையில் வெங்கச்சங்கல் பொடி சிறிது கூட்டினால் குறையும். பூச்சு விளிம்பில் செதிளாகப் பெயர்ந்தால் அதற்கு நேர்மாறான குற்றம் என்று கொள்க. பூசியவிடத்தில் பூச்சு சுருண்டு வெறும் மண் தெரிவது எண்ணெய்ப் பிசுக்காலும் தூசியாலும். நம் பக்கத்துக் களிமண்ணில் சுக்கான் கல் கலந்திருக்குமாயின் இன்னொரு தொந்தரவு உண்டு. சுட்ட கல் சுண்ணாம்பாகி, சில நாள் கழித்துக் காற்றின் ஈரத்தில் உப்பி, விற்ற பாண்டத்தின் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். வாங்கியவர் கடைக்குத் திரும்பி வருவார். களிமண்ணைக் கரைத்து வடிகட்டுவதொன்றே இதற்கு மருந்து.

இனிச் சங்கத்தின் கடமை. வேலூர் ஜில்லாவில் காட்பாடியை அடுத்த கரிகிரியின் பச்சை, நீலப் பூச்சுப் பாண்டங்கள் பெயர் பெற்றவை. விருத்தாசலத்திலும் பீங்கான் தொழிலும் அதற்குரிய பயிற்சி ஸ்தாபனமும் உள்ளன. அங்கு நடப்பதைக் கேட்டவுடன் சூளைக்குக் கடன் வேண்டுமென்று தீர்மானம் போடுவது எளிது. பூச்சுப் பாண்டங்களை நாட்டுச் சூளையில்போல் ஒன்றன்மேலொன்றாக அடுக்க முடியாது, ஒட்டிக்கொள்ளும். தட்டுகளும், புகையும் சாம்பலும் படாமல் காக்கும் மண் பெட்டிகளும் வேண்டும். ஒரு சூடுக்குப் பிடிக்கும் பாண்டங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். இருமுறை சுடுவதால் எரிபொருள் கூடும். இவ்விரண்டையும் கணக்கிற் சேர்க்காத கடன் மனு முழுமையானதன்று.

என் அபிப்பிராயம், முதலில் இரண்டு அங்கத்தினரை விருத்தாசலத்திற்கு அனுப்பிப் பழக்குவதும், தங்கள் களிமண்ணில் செய்த சிறு ஓடுகளில் பூச்சிட்டு அங்குள்ள சூளையில் சுட்டுப் பார்க்கச் சம்மதம் கேட்பதுமே. ஒவ்வொரு ஓட்டின் பின்புறத்திலும் இரும்புத் துருக் கரைசலால் இலக்கமிட்டு, கலவை, கனம், உஷ்ணம் மூன்றையும் நோட்டில் பதிவு செய்க. உணவுப் பாண்டமாக விற்க எண்ணும் மாதிரியில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலை ஒரு முழு நாள் ஊறவைத்து, வடித்த நீரில் ஈயம் உண்டா என்று ஆய்வுச்சாலையில் பரிசோதிக்கச் செய்க. அந்தச் சான்றையும், ஓடுகளையும், நோட்டையும் பொதுச் சபையின் மேஜைமேல் வைத்த பிறகே கடன் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.