வேண்டா மடல்களை விலக்கும் விதிகள்

மின்னஞ்சலிற் கேளாது வந்து குவியும் விளம்பரங்களையும் வஞ்சக மடல்களையும் யாவரும் அறிவர். 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், அர்ப்பாநெட் என்னும் கணினி வலையில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விற்பனை விளம்பரம் விடுக்கப்பட்டதே இத்தொல்லையின் தொடக்கம் என்பர்.

இதனைத் தடுத்தற்குப் பயனரே விதி வகுத்தல் ஒரு நெறியாம். 1990-இல் தோன்றிய புரோக்மெயில் என்னும் நிரல், நாம் எழுதிவைத்த விதிகளை மேலிருந்து கீழாக வரிசையே நோக்கும். ஒவ்வொரு விதியும் நிபந்தனை, செயல் என இரு கூறுடைத்து. ஒரு விதி பொருந்தி மடல் ஓரிடத்துச் சேர்ந்துவிடின், எஞ்சிய விதிகள் நோக்கப்படா. ஆதலின், அறிந்தோர் மடலை ஏற்கும் விதி முன்னும், ஐயத்திற்குரியதை ஒதுக்கும் விதி பின்னும் நிற்றல் வேண்டும்.

இனி, தமிழ் மடல்களுக்கு விதி வகுப்போர் இலக்கணத்தையும் கருதல் வேண்டும். ‘பரிசு’ என்னும் எழுத்துத்தொடர் வரும் மடலையெல்லாம் ஒதுக்குக என்று விதிப்போமாயின், ‘பரிசுத்தம்’ என்னும் சொல்லுடைய மடலும் ஒதுக்குண்ணும். ‘பரிசை வென்றீர்’ என்னும் வஞ்சக மடலோ தப்பிவிடும்; உருபேற்குங்கால் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டமையின் அத்தொடர் அதன்கண் இன்மையான். எனவே சொல்லெல்லையும் புணர்ச்சி வேறுபாடும் விதியில் இடம்பெறல் இன்றியமையாதது.

ஒரு சொல்லையே சான்றாகக் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது என்பதும் இதனாற் பெறப்படும். கண்ட சான்றுகளினின்று காரணத்தின் வாய்ப்பைக் கணிக்கும் முறையை வகுத்தவர், தாமஸ் பேயஸ் என்னும் பிரெஸ்பிற்றேரிய சபைப் போதகர். அவர் மறைந்தபின் 1763-இல் அவர்தம் கட்டுரை வெளிவந்தது. அம்முறையை மடல்களுக்குப் பொருத்தி 2002-இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை பெரிதும் பரவிற்று. நன்மடல், தீமடல் இரண்டிலும் ஒவ்வொரு சொல்லும் எத்துணை முறை வருகின்றதென எண்ணி, பல சொற்களின் சான்றையும் ஒருங்கே எடைபோடுதல் அதன் நெறி. நன்மடல் தவறி ஒதுக்கப்படாவாறு, நன்மடல்களிற் கண்ட எண்ணிக்கையை அவர் இருமடங்காகக் கொண்டமை போற்றற்குரியது.

என்னை? தீமடலொன்று தப்பி உள்ளே வரின் இழப்பது சில நொடியே; நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ, நோயுற்ற உறவினர் செய்தியோ அழிந்துபடின் அவ்விழப்பு மீளாது. ஆகலின், ஐயுற்ற மடலை உடனே அழிக்காது தனியுறையில் இட்டுவைத்து, வாரமொருமுறை நோக்குதல் நலம். களையோடு கோதுமையும் பறிபடாவாறு அறுவடைவரை பொறுத்த நிலக்கிழவனின் உவமையை ஈண்டு நினைதல் தகும்.